முதலாமவர் அல்லது உயிருடனிருப்பவர்

வீடு,
18-06-2018, திங்கள்.

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் அவ்வாறு கருதவில்லை. நீயும் பெரியவளும் மாப்பிள்ளையும் புதிதாகப் பிறந்த குட்டியும் எவ்வாறு இருக்கிறீர்கள் என்பதை விவரமாக எழுதவும்.

நீ புறப்பட்டது இம்மாதம் 9ஆம் தேதி, சனிக்கிழமை. அன்று முதல் நாம் தொலைபேசியில் பேசி வருகிறோம் என்று பெரியவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதைப் பேச்சு என்று சொல்வது மிகை. முழங்கால் வலி என்று நான் சொன்னதற்கு, "குழந்தையோட வாளியா? அது இங்கதான் இருக்கு" என்று நீ பதில் சொன்னாய். நடுவில் பெரியவள் வாங்கி, "அம்மாவுக்குக் கேட்கலப்பா, நான் சொல்லிடறேன்" என்றாள். இன்னொருவர் வாய் வழியாக மனைவியிடம் பேச எனக்கு விருப்பமில்லை. ஆகவே இனி கடிதம். கடிதத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு: பின்னாளில் எடுத்துப் பார்க்கலாம்.

கல்லூரி வேலை 11ஆம் தேதி தொடங்கியது. வங்கியிலிருந்து 31-05-2014 அன்று ஓய்வு பெற்ற பிறகு, உன் சமையலறை அலமாரிகளைத் தணிக்கை செய்து உன்னிடம் திட்டு வாங்கியதைத் தவிர நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்பது உன் கருத்து. இப்போது வங்கியியலும் நிதியியலும் நடத்துகிறேன். வகுப்பறை மூன்றாம் மாடியில், ஜெனரேட்டருக்கு நேர் மேலே இருக்கிறது. மின்சாரம் போனால் வெளிச்சம் வருகிறது, என் குரல் போய்விடுகிறது.

முதல் நாள் ஒன்றைச் சொன்னேன். மக்கள் போடும் வைப்புத்தொகை வங்கியின் சொத்து அன்று, வங்கியின் பொறுப்பு. வேறொருவருடைய பணம் நம் பெட்டியில் இருக்கிறது என்பதை மறந்த நாளில் வங்கியாளன் கெட்டான். இதைக் கேட்டு யாராவது ஒருவர் "அதெப்படி சார்?" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் கரும்பலகையில் எழுதியதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் மட்டும் எழுந்து, "சார், இது எக்ஸாம்ல வருமா?" என்றான்.

செப்டம்பர் இறுதியில் நீ திரும்புவதாக ஏற்பாடு. உன் பெட்டியின் அடிப்பையில் நம் ஆவணங்கள் அனைத்தின் நகல்களையும் வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும். பதில் எழுதும்போது தேதியிட்டு எழுதவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்.


ஆபீசருக்கு,

தேதியை நீங்களே போட்டுக்குங்க. உங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம்.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். குட்டி ராத்திரி முழுக்க அழறாளாம். பெரியவ கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து, "நீ மட்டும் எப்படிம்மா நிம்மதியா தூங்கற?"ன்னு கேக்கறா. எனக்குக் கேட்டாத்தானே. மாப்பிள்ளை சிரிச்சுட்டாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா, குழந்தை அழறது கேட்காத ஆளைப் பிரசவத்துக்கு உதவிக்குன்னு கூட்டிட்டு வந்திருக்காங்க.

அதனால இந்த வீட்டுக்குக் கீழேயே இருக்கற காது டாக்டர்கிட்ட போனோம். ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார வச்சு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னாரு. நான் கையைத் தூக்கவே இல்ல. இன்னும் ஆரம்பிக்கலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். முடிஞ்சுபோச்சாம். ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிடுச்சு, மிஷின் வச்சா நல்லா கேட்கும், தள்ளிப்போட்டா இருக்கறதும் போயிடும்னு சொன்னாரு.

பெரியவ நான் வாங்கித் தரேங்கறா. வேண்டாம்னுட்டேன். அவங்களே இந்த வீட்டுக்குத் தவணை கட்டிக்கிட்டு மூச்சுத் திணறிக்கிட்டு இருக்காங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?

முழங்காலுக்கு அந்தப் பச்சை மூடி போட்ட தைலம். மேல் தட்டுல இருக்கு. நீங்க அடுக்கி வச்ச இடத்துல இல்ல, நான் மாத்தி வச்ச இடத்துல.

உங்க வீட்டுக்காரி.


வீடு,
09-07-2018, திங்கள்.

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் 4ஆம் தேதி கிடைத்தது. உறை மீதுள்ள முத்திரையிலிருந்து அது 29-06 அன்று அஞ்சலில் சேர்ந்தது என அறிந்து, கடிதத்தின் தலையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். தைலம் கிடைத்தது. முழங்கால் சற்றுப் பரவாயில்லை. அங்கே அனைவரும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

கல்லூரியில் என் பொறுமை தேய்ந்துகொண்டிருக்கிறது. முதல்வர் அழைத்தார். நம் மாப்பிள்ளையைவிட இளையவர், கோபப்படவே தெரியாதவர், அதனாலேயே எனக்குக் கோபம் வருகிறது. "சார், நீங்க நல்லாத்தான் நடத்துறீங்க. ஆனா பசங்க மிரளறாங்க. ஸ்லைடு போட்டுடுங்க, அவங்களே பாத்துக்குவாங்க" என்றார். காசோலை ஒன்றை மறுப்பதற்கு முன் ஓர் அலுவலர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை ஒரு மணி நேரம் நடத்தியிருந்தேன். அதை அம்புக்குறி போட்டு ஐந்து வரியாக்கித் தரச் சொல்கிறார். அந்த ஐந்து வரியை மட்டும் படித்த ஒருவன் நாளைக்குக் கவுன்டரில் உட்கார்ந்தால் எதிரில் நிற்பவர் கதி என்ன என்று கேட்டேன். "சார், இவங்க கவுன்டர்ல உட்காரப் போறதில்ல, பாஸாகப் போறாங்க" என்றார்.

இரவு உணவுக்குப் பிறகு இதையெல்லாம் யாரிடமாவது சொல்லலாம் என்றால் வீட்டில் சுவர்கள்தான் இருக்கின்றன. நீ இருந்தபோதும் பாதி உனக்குக் கேட்டிருக்காது என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆனாலும் நீ தலையாட்டுவாய்.

காதுக் கருவி பற்றி: அவசரப்பட வேண்டாம். இத்தகைய கடைகளில் முதலில் சொல்லும் விலை ஒன்று, கொடுக்கும் விலை வேறு. செப்டம்பரில் நீ வந்த பிறகு இங்கே இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து முடிவெடுப்போம். மேலும் வீட்டில் நாம் இருவர்தாமே; நான் இன்னும் சற்று உரக்கப் பேசினால் போயிற்று.

குட்டிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் கணவன்.


ஆபீசருக்கு,

கடுதாசி கிடைச்சுது. முழங்கால் தேவலைன்னு எழுதியிருந்தீங்க, சந்தோஷம். மாடிப்படியில ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க. கௌரவம் ஒண்ணும் குறையாது.

இங்க குட்டி இப்ப முகம் பாத்துச் சிரிக்கறா. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சளி. வேற விசேஷம் இல்ல.

நீங்க வேலை பாத்த பேங்க்கோட கிளை ஒண்ணு இங்க தெருமுனையிலேயே இருக்கு. போன வாரம் ஒரு நாள் காலையில போயிட்டு வந்தேன். உள்ள நல்ல ஜில்லுன்னு இருக்கு. கவுன்டர்ல சின்னப் பொண்ணு, ரொம்ப மரியாதையாத்தான் பேசினா.

ஒரு சந்தேகம். "முதலாமவர் அல்லது உயிருடனிருப்பவர்"னா என்ன? நம்ம டெபாசிட் ரசீது நகல்ல அப்படிப் போட்டிருக்கு. உங்களுக்குத்தான் தெரியுமேன்னு கேக்கறேன். நேரம் இருக்கும்போது எழுதுங்க.

உங்க வீட்டுக்காரி.


வீடு,
30-07-2018, திங்கள்.

அன்புள்ள மனைவிக்கு,

நலம். மாப்பிள்ளையின் சளி தீர்ந்ததா? வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் கடிதத்தை 26ஆம் தேதி மாலை கல்லூரியிலிருந்து களைத்து வந்து பிரித்தேன். களைப்புப் போய்விட்டது. ஒன்றரை மாதமாக அத்தனை மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு முதல் கேள்வி உன்னிடமிருந்து வந்திருக்கிறது. அதுவும் எவ்வளவு நல்ல கேள்வி! விளக்குகிறேன்.

இருவர் சேர்ந்து ஒரு கணக்குத் தொடங்கும்போது, அதை இயக்கும் உரிமை யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். "இருவரும் கூட்டாக" என்றால் இரண்டு கையொப்பமும் தேவை. "இருவரில் ஒருவர் அல்லது உயிருடனிருப்பவர்" என்றால் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம். ஒருவர் மறைந்தால் மற்றவர் எடுக்கலாம். "முதலாமவர் அல்லது உயிருடனிருப்பவர்" என்பது இவ்விரண்டிலிருந்தும் நுட்பமாக வேறுபட்டது. முதல் பெயருக்குரியவர் உயிரோடிருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். இரண்டாவது பெயருக்குரியவருக்கு, முதலாமவரின் மறைவுக்குப் பின்னரே உரிமை பிறக்கிறது. அதுவும் இறப்புச் சான்றிதழைக் காட்டிய பிறகு.

உதாரணத்துக்கு நம் கணக்கையே எடுத்துக்கொள். உன் அம்மா வீட்டை விற்று உன் பங்கு வந்தபோது, அதை 23-03-2009, திங்கட்கிழமை, வைப்புத்தொகையாகப் போட்டேன். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது உன்னுடையது. இதன் நன்மை என்ன? வீட்டுக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசி யாரும் உன்னிடம் கையெழுத்து வாங்கிவிட முடியாது. எனக்கு ஏதேனும் நேர்ந்தால் நீ நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. என் பணிக்காலத்தில் எத்தனையோ குடும்பத் தலைவர்களுக்கு இதையே பரிந்துரைத்திருக்கிறேன்.

உன் கேள்வி தந்த உற்சாகத்தில் மறுநாளே இதை வகுப்பில் நடத்தினேன். நம் பெயரைச் சொல்லவில்லை. "எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி" என்றேன். இரண்டாம் வரிசையில் ஊதா நிறப் பை வைத்திருக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், அந்தம்மாவுக்கு அவசரமா பணம் வேணும்னா என்ன சார் பண்ணணும்?"

"கணவரிடம் கேட்க வேண்டும்."

"அவரு தரலைன்னா?"

"தருவார்."

"தரலைன்னா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "அவரு போற வரைக்கும் வெயிட் பண்ணணும்டி" என்றான். வகுப்பே சிரித்தது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டேன். அதைக்கூட யாரும் படம் பிடிக்கவில்லை. இப்போது நான் தாழ்வாரத்தில் நடந்தால், "டேய், உயிருடனிருப்பவர் வர்றாரு" என்று குரல் கேட்கிறது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பட்டம் இது.

என் விளக்கம் தெளிவாக இருக்கும் என நம்புகிறேன். வேறு ஐயம் இருந்தால் தயங்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் கணவன்.


வீடு,
20-08-2018, திங்கள்.

அன்புள்ள மனைவிக்கு,

30-07 அன்று நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்குப் பதில் இல்லை. அஞ்சலில் தவறியிருக்கலாம் என்று தபால் நிலையத்தில் விசாரித்தேன். அங்கிருந்தவர், "போய்ச் சேர்ந்திருக்கும் சார், அவங்களுக்கு எழுதத் தோணணும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். என்ன சிரிப்போ. குழந்தை வேலையில் உனக்கு நேரமில்லை என எடுத்துக்கொள்கிறேன். உன் உடல்நலம் பற்றி ஒரு வரியாவது எழுது.

இங்கே எனக்கும் கல்லூரிக்கும் சண்டை. இடைத்தேர்வில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: "முதலாமவர் அல்லது உயிருடனிருப்பவர் என்னும் முறை யாருக்கு ஏற்றது? காரணத்தை இரண்டு வாக்கியங்களில் கூறுக." எல்லோரும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். ஒருவன் செய்த எழுத்துப் பிழையைக்கூட அடுத்தவன் விடாமல் காப்பாற்றியிருந்தான். ஊதாப் பைக்காரி மட்டும் வேறு எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்: "முதலாமவருக்கு ஏற்றது. ஏனென்றால் படிவத்தை நிரப்புகிறவர் அவர்தான்."

இது விடையா? துடுக்கு. சுழி போட்டேன். அவள் நேராக முதல்வரிடம் போய்விட்டாள். அவர் என்னை அழைத்து, "சார், பொண்ணு சொல்றது தப்புன்னு சொல்ல முடியலையே" என்றார். புத்தகத்தில் இல்லை என்றேன். "நீங்கதானே சார் புத்தகத்தை மட்டும் படிக்காதீங்கன்னு சொல்வீங்க" என்கிறார். மதிப்பெண் போடாவிட்டால் தாளை வேறொருவர் திருத்துவாராம். வேறொருவர் என்றால் கணக்கியல் மேடம். வங்கிக்குள் பணம் எடுக்க மட்டுமே நுழைந்தவர். அப்படி நடந்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீயே சொல், நான் செய்ததில் என்ன தவறு?

இப்படிக்கு,
உன் கணவன்.


வீடு,
05-09-2018, புதன்.

அன்புள்ள மனைவிக்கு,

எனக்கு உடல்நலக் குறைவு ஏதுமில்லை. உனக்கு உண்டா என்பதுதான் தெரியவில்லை.

நேற்றுத் தொலைபேசியில் பெரியவளைக் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்கப்பா" என்றாள். பிறகு ஏன் எழுதவில்லை என்றேன். "எழுதறப்போ எழுதுவாங்க. நீங்க அவங்க கேட்டதுக்கு என்னப்பா பதில் எழுதினீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நான்கு பக்கம் எழுதினேன் என்றேன். "அதான்" என்று வைத்துவிட்டாள். எது அதான்? இந்த வீட்டிலும் அந்த வீட்டிலும் கல்லூரியிலும் எல்லோரும் எனக்குப் புரியாத ஒன்றைப் புரிந்துகொண்டு பேசுகிறீர்கள்.

29-09, சனிக்கிழமை இரவு வண்டிக்கு உனக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. கீழ்ப்படுக்கை. நகல் இணைத்திருக்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
கணவன்.


செப்டம்பர் 14, 2018, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

தேதி போட்டிருக்கேன். இதைப் பின்னாடி எடுத்துப் பாக்கணும்னு நினைக்கிறேன், அதான்.

எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. காதுதான்.

மிஷின் அவசரமில்லன்னு நீங்க எழுதினீங்க. சரி, உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம், நம்ம அம்மா வீட்டுப் பணம் இருக்கே, அதுல கொஞ்சம் எடுத்துக்கலாம்னு பேங்குக்குப் போனேன். நீங்க பெட்டியில வச்ச நகலை எடுத்துக்கிட்டுத்தான் போனேன். யார்கிட்டயும் சொல்லல. மிஷினை மாட்டிக்கிட்டு ஒரு நாள் உங்களுக்கு போன் பண்ணணும், முழங்கால் எப்படி இருக்குன்னு நானே கேக்கணும்னு நினைச்சிருந்தேன்.

கவுன்டர் பொண்ணு ரசீதைப் பாத்துட்டு ஏதோ சொன்னா. கேட்கல. என்னம்மான்னேன். மறுபடி சொன்னா. கேட்கல. அவளும் பாவம், எத்தனை தடவைதான் சொல்லுவா. எழுந்து நின்னு குனிஞ்சு சத்தமா கேட்டா, "உங்க வீட்டுக்காரர் இருக்காரா?" இருக்காரு, ஊர்ல இருக்காருன்னேன். "அப்போ நீங்க எடுக்க முடியாதும்மா"ன்னா. ஏம்மா, இது என் அம்மா வீட்டுப் பணம்னேன். அப்பத்தான் கத்தினா: "அவரு இறந்தாத்தாம்மா உங்களுக்கு!"

வரிசையில நின்னவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. இந்த நாலஞ்சு வருஷத்துல ஒருத்தர் சொன்னது எனக்கு முழுசா காதுல விழுந்தது அதுதான்.

பின்னாடி உட்கார்ந்திருந்த ஒருத்தர் எழுந்து இடம் குடுத்தாரு. புருஷன் சாகறதுக்குக் காத்திருக்கறவன்னு நினைச்சாரோ, இல்ல பாவம்னு நினைச்சாரோ தெரியல. நான் உட்காரல.

வீட்டுக்கு வந்து, அந்தப் பொண்ணு தெரியாம சொல்லியிருப்பா, ஆபீசரைக் கேட்டா சரியா சொல்லுவாருன்னு உங்களுக்கு எழுதினேன். நீங்க அவ சொன்னதையே சொன்னீங்க. நாலு பக்கம். சந்தோஷமா. ஏன் கேக்கறேன்னு ஒரு வரி கேக்கல.

நீங்க எனக்குக் கெடுதல் நினைச்சுப் பண்ணலன்னு தெரியும். நீங்க நினைக்கவே இல்ல.

அந்த ஊதாப் பைக்கு மார்க் போடுங்க.

டிக்கெட்டை ரத்து பண்ணிடுங்க. காது கேட்காம அந்த வீட்டுக்கு நான் வர்றதா இல்ல. நீங்க உரக்கப் பேசறதைக் கேட்டுக்கிட்டுத் தலையாட்டத்தான் என்னால முடியும்னா, அதுக்கு நான் வேண்டாம்.

தைலம் தீர்ந்திருக்கும். மருந்துக்கடையில அந்தப் பச்சை மூடி பாட்டிலைக் காட்டினா தருவாங்க.

உங்க மனைவி.


வீடு,
24-09-2018, திங்கள்.

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் 18ஆம் தேதி கிடைத்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தைப் பிறர் காதில் விழும்படி கூறிய அந்த எழுத்தர் செய்தது எத்தகைய தவறு, எந்த விதிக்குப் புறம்பானது, யாருக்குப் புகார் அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினேன். பிறகு படித்துப் பார்த்தேன். உன்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கிழித்துவிட்டேன். மறுநாள் எழுதியதில் 2009ஆம் ஆண்டின் வட்டி விகிதம் இருந்தது. அதையும் கிழித்தேன்.

அந்தப் படிவத்தை நிரப்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிழமை, எழுதிய பேனா, எதிரில் இருந்த அலுவலர், எல்லாம். நீ எங்கே இருந்தாய் என்பது மட்டும் நினைவில்லை. கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நீ அடுப்பை அணைத்துவிட்டு வந்து போட்டிருக்கிறாய். என்னவென்று நீ கேட்டதாகவும் நினைவில்லை, நான் சொன்னதாகவும் நினைவில்லை.

செய்ய வேண்டியவற்றைச் செய்தேன். ஒன்று, பயணச்சீட்டை ரத்து செய்தாயிற்று. அடுத்து, கருவிக்கு வேண்டிய தொகையை மாப்பிள்ளையின் கணக்குக்கு 20ஆம் தேதி அனுப்பிவிட்டேன். மேலும், நம் கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிருடனிருப்பவர்" என மாற்ற என் பழைய கிளைக்குப் போனேன். நான் பயிற்சி கொடுத்து வளர்த்த பையன்தான் இப்போது அங்கே மேலாளர். "மேடம் கையெழுத்தும் வேணும் சார். ரெண்டு பேரும் போட்டாத்தான் மாத்த முடியும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்றான். எனக்கு என் மீதே எரிச்சலாக வந்தது. படிவத்தில் கையொப்பமிட்டு இணைத்திருக்கிறேன். நீ கையெழுத்திட வேண்டிய இடத்தில் குறி எதுவும் போடவில்லை. முழுவதும் படித்துவிட்டுப் போடு.

ஊதாப் பைக்காரிக்கு மதிப்பெண் போட்டேன். முழு மதிப்பெண் இல்லை. கேட்டது இரண்டு வாக்கியங்களில் காரணம். அவள் காரணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சார், யாரு சார் மாத்தச் சொன்னது?" என்று கேட்டாள். உனக்கு மூத்த ஒருவர் என்றேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கணவன்.


அக்டோபர் 4, 2018, வியாழக்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

இங்க எல்லாரும் சுகம். குட்டி குப்புற விழுந்துட்டா. நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா? சட்டை தொளதொளன்னு இருக்குன்னு பக்கத்து வீட்டம்மா பெரியவகிட்ட சொன்னாங்களாம்.

நீங்க அனுப்பின பணம் வந்தது. தொடல. அதுல மிஷின் வாங்கினா ஆபீசரையே காதுல மாட்டிக்கிட்டுத் திரியற மாதிரி இருக்கும். கோவிச்சுக்காதீங்க. சிரிச்சுக்கிட்டேதான் எழுதறேன்.

நீங்க அனுப்பின படிவத்தைப் படிச்சேன். ரெண்டு தடவை. கையெழுத்துப் போடல. "இருவரில் ஒருவர்" நல்ல ஏற்பாடுதான். ஆனா அதுலயும் நீங்க குடுத்து நான் வாங்கிக்கறதாத்தான் ஆகுது. அது என் அம்மா எனக்குக் குடுத்தது.

அதனால நானே அந்தத் தெருமுனை பேங்குக்கு மறுபடி போனேன். அதே பொண்ணு. என்னைப் பாத்ததும் முகம் செத்துப்போச்சு அவளுக்கு. "அன்னிக்குக் கத்திட்டேன்மா"ன்னு ஒரு தாள்ல எழுதிக் காட்டினா. அப்புறம் நாங்க தாள்லயே பேசிக்கிட்டோம். உங்க கையெழுத்து இருந்தா பழைய டெபாசிட்டை முடிச்சுட்டுப் புதுசா போடலாம்னு எழுதினா. முதல் பேர் என்னுது. தனியாவே வச்சுக்கலாம்மான்னு கேட்டா. நான் யோசிச்சேன். நிஜமாவே யோசிச்சேன். அப்புறம் ரெண்டாவது பேரா உங்களைப் போடச் சொன்னேன்.

எப்படிம்மா போடட்டும்னு எழுதினா. முதலாமவர் அல்லது உயிருடனிருப்பவர்னு எழுதிக் குடுத்தேன். "அர்த்தம் தெரியுமாம்மா?"ன்னா. எங்க வீட்டுக்காரர் நாலு பக்கம் எழுதியிருக்காருன்னு வாயாலேயே சொன்னேன். சத்தமா சொல்லிட்டேன் போல, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

படிவம் உள்ள இருக்கு. பிடிச்சிருந்தா கையெழுத்துப் போடுங்க. பிடிக்கலன்னா போடாதீங்க, ஆனா காரணத்தை ரெண்டு வாக்கியத்துல எழுதுங்க.

உங்க மனைவி.


வீடு,
15-10-2018, திங்கள்.

அன்புள்ள மனைவிக்கு,

நலம். சட்டை தொளதொளப்பது உண்மை. சலவைக்காரர் மீது பழி போடலாமென்று இருந்தேன்.

உன் கடிதமும் படிவமும் 9ஆம் தேதி வந்தன. மூன்று நாள் மேசை மீதே கிடந்தன. காரணத்தை எழுத முயன்றேன். ஒரு வாக்கியம்கூட நிற்கவில்லை. எதை எழுதினாலும் அது 2009இல் நீ என்னிடம் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியமாகவே இருந்தது.

12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கிளைக்குப் போனேன். மேலாளர் படிவத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், பேர் வரிசை மாறிடுச்சு போலிருக்கே, வேற படிவம் தரட்டுமா?" என்றான். மாறவில்லை, நான் இரண்டாமவன் என்றேன். அவன் என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்குத் தேநீர் கொண்டுவந்த கடைநிலை ஊழியரும் பார்த்தார். வெட்கமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். எரிச்சலும் இருந்தது. இரண்டாம் கட்டத்தில் கையெழுத்திடப் போனபோது கை பழக்கத்தில் முதல் கட்டத்துக்குப் போனது, இழுத்துக்கொண்டு வந்தேன். என் கையெழுத்தை அவன் சான்றளித்து அன்று மாலையே உன் கிளைக்கு அனுப்பிவிட்டான். இந்நேரம் பணம் உன் கையில் இருக்கும். என்ன கருவி, எந்தக் கடை என்று கேட்க மாட்டேன். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

கல்லூரியில் நிலைமை அப்படியேதான். ஸ்லைடு போடுகிறேன், அதையும் படம் பிடிக்கிறார்கள். இன்று காலை அதே பாடத்தை மறுபடி நடத்தினேன். இம்முறை "பாதுகாப்பு" என்று எழுதவில்லை. இரண்டாவதாகப் பெயர் எழுதப்படுகிறவரைக் கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள் என்றேன். "எக்ஸாம்ல வருமா சார்?" என்றான் வழக்கமானவன். வராது என்றேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஊதாப் பைக்காரிகூட ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ எப்போது வருகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. வருவதானால் பயணச்சீட்டை நீயே எடுத்துக்கொள். கீழ்ப்படுக்கை கேள்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த வரி அது. எப்போதும் முதல் கட்டத்திலிருந்தே வாசித்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அது ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரண்டாம் கட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு, மேலாளர் மை உலரக் காத்திருந்த நேரத்தில், தலைகீழாக இருந்த அந்த வரியை மறுபடி வாசித்தேன். அந்தக் கணக்கில் நான் பணம் எடுக்கக்கூடிய நாள் எது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த நாள் எனக்கு வர வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்.